வளைகாப்போடு விடைபெறாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தைக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலை அனுப்பி, "எதுவும் விட்டுப்போச்சா அக்கா?" என்று கேட்டிருந்தாய். தொட்டில், தள்ளுவண்டி, பாட்டில் சுடவைக்கும் மெஷின், குழந்தை புரண்டு படுத்தால் போனுக்குச் சொல்லும் கேமரா எல்லாம் இருக்கிறது. விட்டுப்போனது நீதான். பணம் கட்டுவதைத் தவிர அந்தப் பட்டியலில் உனக்கு ஒரு வேலையும் இல்லை.

இதை உனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் கிராம சுகாதார செவிலியராக நான் போய்ப் பார்க்கிற பாதி வீடுகளில் உன்னைப் போலவே ஒருத்தர் இருக்கிறார். நல்ல மனுஷர், பெண்டாட்டி மேல் பாசம் உள்ளவர், என்ன செய்வது என்று தெரியாமல் பர்ஸை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவர். அவர்களும் படிக்கட்டும். உன் பெண்டாட்டியிடம் கேட்டேன், "என் பேரைப் போடாம எழுதுங்க அண்ணி" என்றாள். சரி, உன் பேரும் வேண்டாம்.

நம் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பெற்ற அம்மாவிடம் "முதுகைப் பிடிச்சு விடும்மா" என்று கேட்பது போல மாமியாரிடம் கேட்க வாய் வராது, நம் அம்மா எவ்வளவு தங்கமானவளாக இருந்தாலும். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஏழாம் மாதம் வளையல் போட்டு, கலவை சாதம் சாப்பிட்டு, பெண்ணைக் காரில் ஏற்றிவிட்டதும் புருஷன்காரனுக்கு டியூட்டி முடிந்துவிடுகிறது. அப்புறம் குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகித் திரும்ப அழைத்து வரும்வரை அவன் விருந்தாளி. சனிக்கிழமை போவான், நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிடுவான், குழந்தையோடு போட்டோ எடுத்துக்கொள்வான், ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிவிடுவான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் கைக்குழந்தையோடு சென்னை வீட்டில் வந்து இறங்கும்போது, எப்படித் தூக்குவது என்றுகூடத் தெரியாது. அவளுக்கோ அதற்குள் எல்லாம் அத்துப்படி. "நீங்க விடுங்க, நானே பார்த்துக்கிறேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அது பத்து வருஷத்துக்கு மாறாது.

உன்னை விருந்தாளி ஆக விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வளைகாப்புத் தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஏழாம் மாதமே செய்து கையோடு அழைத்துப் போய்விடுகிறோம் என்று உன் மாமியார் சொல்லியிருக்கிறாராம். சந்தோஷம். ஆனால் அவள் லீவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தாயா? சட்டப்படி அவளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுத்துக்கொள்ளலாம். அந்த எட்டையும் முன்னாலேயே எடுத்துவிட்டால் பின்னால் மிஞ்சுவது 18 வாரம், அதாவது நாலு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். குழந்தைக்கோ ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்னால் இரண்டு வாரம் மட்டும் எடுத்தால் பின்னால் 24 வாரம் கிடைக்கும், ஐந்தரை மாதம். உடம்பு ஒத்துழைத்து, டாக்டரும் சரி என்றால், தாய் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கட்டும், லீவைப் பின்னால் சேர்த்து வைக்கட்டும். இல்லையா, வளைகாப்பை ஒன்பதாம் மாதம் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வழக்கத்தில் உள்ளதுதான். இதைப் பெரியவர்களிடம் பேச வேண்டியது நீ. அவள் பேசினால் "அம்மா வீட்டுக்குப் போகக்கூட ஆபீஸைப் பார்க்கிறா" என்பார்கள். நீ பேசினால் "மாப்பிள்ளை விவரமானவர்" என்பார்கள். அநியாயம்தான். அந்த அநியாயத்தை இந்த ஒரு தடவை அவளுக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்.

(என்னோடு வேலை பார்க்கிற சின்னப் பிள்ளைகளுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் லீவு. தமிழக அரசு ஊழியர் என்றால் அந்த ஒரு சுகம் உண்டு.)

உனக்கு எத்தனை நாள் லீவு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் உண்டு. தனியார் கம்பெனியில் அப்பாவுக்கு இத்தனை நாள் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, கம்பெனி மனசு வைத்தால்தான். உன் இடத்தில் ஐந்து நாள் என்றாய். அதோடு உன் சொந்த லீவையும் இப்போதிருந்தே சேர்த்து வை. அதைப் பிரசவத் தேதியில் கொண்டுபோய்க் கட்டாதே. அந்தத் தேதி கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டிப் போட்ட கணக்கு, அவ்வளவுதான். சரியாக அன்றைக்கே பிறக்கும் குழந்தைகள் நூற்றில் நாலைந்து. நீ லீவு போட்டு உட்கார்ந்திருப்பாய், குழந்தை வராது; மீட்டிங்கில் இருக்கும்போது வந்துவிடும். பிரசவ நாளுக்கு இரண்டு நாள் வைத்துக்கொண்டு, மீதியை டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு எடு. ஆஸ்பத்திரியில் உன்னை வராந்தாவில்தான் உட்கார வைப்பார்கள். வேலை இருப்பது வீட்டில்.

அப்புறம் பிக்மி எண், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது கொடுக்கிற எண். பதிவு செய்தாயிற்று என்று சொன்னாள், நிம்மதி. பன்னிரண்டு இலக்கம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அதுதான் ஆதாரம். சென்னையில் பதிந்துவிட்டு ஊரில் பிரசவம் என்றால் அங்கே இன்னொரு எண் வாங்க வேண்டாம், இதே எண்தான். ஊர் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பகுதி செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இதை ஏன் உன்னிடம் சொல்கிறேன் என்றால், பதிவு செய்யும்போது ஒரு போன் நம்பர் கேட்போம், அது யாருடையது என்றும் குறிப்போம். பெரும்பாலும் வீட்டுக்காரர் நம்பர்தான் இருக்கும். அடுத்த செக்கப்பை ஞாபகப்படுத்த நான் கூப்பிட்டால், "அவகிட்ட பேசுங்க மேடம்" என்பார். அவளிடம் பேச என்னிடம் நம்பர் ஏது? அவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்குள் மறந்துபோயிருக்கும். நீ அப்படிப் பதில் சொல்லாதே. அடுத்த செக்கப் எப்போது, போன தடவை ஹீமோகுளோபின் எவ்வளவு, என்ன ரத்த குரூப் என்று உன்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும்.

காலையில் காப்பி போட்டுக் கொடுப்பது நீதான் என்று பெருமையாகச் சொன்னாள். நல்லது. ஆனால் அந்தக் காப்பியோடு இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. டீயும் அப்படித்தான். கால்சியம் மாத்திரையையும் அதையும் ஒன்றாகப் போடக் கூடாது, ஒன்று காலை என்றால் மற்றது ராத்திரி. இரும்புச்சத்து மாத்திரை எடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். இதையெல்லாம் நாங்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு, மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைக்கிற பெண்களை எனக்குத் தெரியும். குமட்டுகிறது என்று யாரிடம் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உன்னிடம் சொன்னால் நீ டாக்டரிடம் கேட்டு வேறு மாத்திரை வாங்கிக் கொடுக்கலாம்.

அடுத்த மாதம் சர்க்கரைப் பரிசோதனை வரும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் கர்ப்ப காலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் போகத் தேவையில்லாத இந்த முறையை நாட்டுக்குக் கொடுத்தது நம் சென்னை டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்த மார்ச் 10ஆம் தேதியைத்தான் கர்ப்ப காலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நாடு முழுக்க வைத்திருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி வரும் ஒரு பெண்ணைச் சாப்பிடாமல் வா என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்பது என்னைப் போல ஊரில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தித்திப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது பெரிய எரிச்சல். நீயும் கூடப் போய் உட்கார்.

பப்பாளி, அன்னாசி, குங்குமப்பூ பற்றி நீ கேட்டதற்கு நேரம் செலவழிக்க விருப்பமில்லை. பப்பாளிக் காயை விட்டுவிடு. குங்குமப்பூ பாலுக்கு நிறம் கொடுக்கும், பிள்ளைக்குக் கொடுக்காது. வயிறு குத்தலாக இருக்கிறது, பையன்தான் என்று அம்மா சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போ. ஸ்கேன் சென்டரில் மட்டும் ஜாடையாகக்கூடக் கேட்டுவிடாதே. 1994ஆம் வருஷத்துச் சட்டப்படி கேட்பவருக்கும் சொல்பவருக்கும் சிறை.

கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அப்பா ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எந்த நட்சத்திரத்தில் பிறந்தால் நல்லது என்று எழுதியும் வாங்கிவிட்டார். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். தனியாரில் மட்டும் எடுத்தால் 64 பக்கம் வருகிறது. எல்லாம் நாள் பார்த்து அறுத்தது என்று சொல்ல மாட்டேன், தேவைப்பட்டுச் செய்து தாயும் பிள்ளையும் பிழைத்ததை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் டாக்டர் தேவை என்று சொல்லாதபோது, நல்ல நேரத்துக்காக 39 வாரம் முடியுமுன் குழந்தையை வெளியே எடுப்பது அந்தக் குழந்தையின் நுரையீரலோடு விளையாடுவது. அப்பாவிடம் நான் பேசினேன். "உனக்கு என்ன தெரியும்" என்றார், இந்த வேலையிலேயே தலை நரைத்த என்னிடம்! நீ பேசு. உன் குழந்தை, உன் பெண்டாட்டியின் வயிறு. சண்டை வந்தால் வரட்டும், அது உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருக்கட்டும். அவள் காதுக்கே போகக் கூடாது.

அவளைக் கொண்டுபோய் விடுவதற்கு முன்னால் ஒரு நாள் நீ மட்டும் மாமியார் ஊருக்குப் போ. நாட்டுக்கோழிக்கு இல்லை. பக்கத்தில் ராத்திரியிலும் ஆபரேஷன் செய்ய ஆளும் ரத்தமும் இருக்கிற சீமாங் மையம் எது, வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து வை. தனியார் ஆஸ்பத்திரியை முடிவு செய்திருந்தாலும் இது தெரிந்திருக்க வேண்டும். தலைவலியோடு கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், ரத்தமோ தண்ணீரோ போனால், குழந்தையின் அசைவு குறைந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதை உன் மாமனாரிடமும் சொல்லி வை. 108 வரும். ஆட்டோ தேடி ஓட வேண்டாம்.

பிறந்த பிறகு உனக்கு இரண்டு காவல் வேலை. முதலாவது, சேனை, அதாவது பிறந்ததும் குழந்தை நாக்கில் இனிப்பைத் தொட்டு வைப்பது. பெரியப்பா இப்போதே, "என் குணம் வரட்டும், நான்தான் சேனை வைப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், தேனும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் ஆகாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான் வாயில் படவேண்டும், சிசேரியன் ஆனாலும். பெரியப்பா மனசு கோணாமல் இருக்க அவருக்கு வேறு ஒரு மரியாதை கொடு. அரைஞாண் கயிறு கட்டச் சொல், அசந்துபோவார். இரண்டாவது, பத்தியம். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, லேகியம் எல்லாம் ருசியாகத்தான் இருக்கும், சாப்பிடட்டும். "தண்ணி குடிச்சா வயிறு போடும்" என்று சொம்பை எடுத்து ஒளித்துவைக்க மட்டும் விடாதே. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுத்தால் குடிக்கத்தான் வேண்டும்.

வீட்டில் உன்னை எதையும் தொட விடமாட்டார்கள். மாப்பிள்ளை பீத்துணி அலசுவதா என்று உன் மாமியார் பதறிப்போவார். முதல் நாள் பதறுவார், மூன்றாம் நாள் சோப்பு எங்கே இருக்கிறது என்று அவரே காட்டுவார். ராத்திரிப் பால் குடித்ததும் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பதை உன் வேலையாக எடுத்துக்கொள். அந்த நேரத்தில் அவள் கொஞ்சம் கண் அயரலாம். காரணமில்லாமல் அழுவாள், முதல் பத்துப் பதினைந்து நாள் பெரும்பாலோர் அழுகிறார்கள். "குழந்தை நல்லா இருக்கே, ஏன் அழறே" என்று கேட்காதே. இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, தூக்கமில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் உடனே டாக்டரிடம் அழைத்துப் போ. ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 இருக்கிறது. பேய் பிடித்தது, கண் பட்டது என்று யாராவது வேப்பிலையோடு வந்தால் முதலில் எனக்குப் போன் போடு.

பெயர் விஷயத்தில் இப்போதே இரண்டு குடும்பமும் முறைத்துக்கொண்டு இருப்பதாகக் கேள்வி. அவசரமே இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் போதும், ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு அப்புறமும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்க முடியும். எழுதிக் கொடுக்கும்போது உங்கள் இரண்டு பேர் பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று மட்டும் எழுத்துக் கூட்டிப் பார். எண்கணிதத்துக்காக நீ கூடுதலாகப் போட்டிருக்கும் அந்த இரண்டாவது 'ஏ'யையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தள்ளுவண்டியைக் கேன்சல் பண்ணிவிடு. உன் தெருவில் அதைத் தள்ள இடமே இல்லை.

இப்படிக்கு,
அக்கா