ஐந்து பின்களக்காரரைத் தடைசெய்யாதீர்கள்: வன்னி விளையாட்டுக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர்மார், செயலாளர்மார், போட்டி நடத்தும் தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கழக விளையாட்டு விழா என்றால் கிளித்தட்டும் கயிறிழுத்தலும் இருக்கும், பின்னேரம் பந்தடி இருக்கும். இப்போது சில இடங்களில் கைபேசிப் பந்தடியும் சேர்ந்திருக்கிறது. பொதுநோக்கு மண்டபத்தில் கதிரைகளை இழுத்துப் போட்டு, போன்களைச் சார்ஜில் குத்திவிட்டு, பெடியள் ‘ஈஃபுட்போல்’ என்ற கைபேசிக் கால்பந்து விளையாடுகிறார்கள். நல்ல விஷயம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். என் பிரச்சினை உங்கள் விதிமுறையோடு.

எங்கள் பக்கம் கடைசியாக வந்த அறிவித்தலில் மூன்று தடைகள். பின்களத்தில் நாலு பேருக்கு மேல் நிறுத்தக்கூடாது. ‘லோங் போல் கவுண்டர்’, அதாவது பந்தைப் பறித்ததும் நீளப் பந்தால் எதிர்த்தாக்கும் முறை, பாவிக்கக்கூடாது. ஆட்டம் தொடங்கிய பிறகு போர்மேசனை, அதாவது வீரர்கள் நிற்கும் அமைப்பை, மாற்றக்கூடாது. ஏன் என்று கேட்டால், பார்க்கிற சனத்துக்கு அலுப்படிக்குதாம். எல்லாரும் பின்னுக்கு நின்றால் அது பந்தடியே இல்லையாம்.

பின்னுக்கு நிற்பது யார் என்று ஒருக்கால் பாருங்கள். 2021இல் கொனாமி நிறுவனம் ‘பெஸ்’ என்ற பெயரை ஈஃபுட்போல் என்று மாற்றி விளையாட்டை இலவசமாக்கியது. விளையாட்டுத்தான் இலவசம், வீரர்களை எடுக்கப் பாவிக்கும் கொயின் இலவசமில்லை. வெளிநாட்டில் மாமன் இருக்கிற பெடியன் கொயின் வாங்கி, குலுக்கலில் திரும்பத் திரும்பச் சுற்றி, மிகப் பலமான ‘எபிக்’ வீரர்களை எடுத்துவிடுவான். வயல்காரரின் மகன் தினமும் உள்ளே போய்க் கிடைக்கிற இலவச வீரர்களை வைத்து ரீம் கட்டுகிறான். இரண்டு பேரும் மோதும்போது ரீமின் மொத்தப் பலம் திரையிலேயே எண்ணாகத் தெரியும். வித்தியாசம் பெரிதாக இருந்தால், பலம் குறைந்தவன் பின்களத்தைத் திறந்து வைத்துவிட்டு ஏறி ஆடுவது தற்கொலை. அந்தப் பக்கத்து முன்கள வீரன் ஒரே ஓட்டத்தில் இவனுடைய பின்களக்காரரைத் தாண்டிப் போய்விடுவான். அதனால் ஐந்து பேரை நிறுத்தி, அவர்களுக்குப் பின்னால் உள்ள வெளியைச் சுருக்குகிறான். கையில் காசில்லாதவன் மூளையைப் பாவிக்கிறான், அவ்வளவுதான். 304 சீட்டு விளையாடும்போது துரும்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பவனைக் கள்ளன் என்று யாரும் சொல்வதில்லையே.

மெய்யான மைதானத்திலும் இதுதான் நடக்கிறது. 2022 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயின் ஆயிரத்துக்கு மேல் பாஸ் கொடுத்தும் மொரோக்கோவுக்கு ஒரு கோல் அடிக்க முடியவில்லை. 120 நிமிடமும் மொரோக்கோ ஒழுங்கு குலையாமல் நின்றது. பிறகு தண்ட உதையில் ஸ்பெயினின் மூன்று உதைகளுமே வீணாகி, 3-0 என்று முடிந்தது. அடுத்ததாகப் போர்த்துக்கலையும் 1-0 என்று வென்று, அரையிறுதிக்குப் போன முதல் ஆபிரிக்க நாடானது. அந்த இரவுகளில் வன்னியில் கத்திக் குளறியவர்களில் நீங்களும் இருந்திருப்பீர்கள். 2004இல் கிரேக்கம் ஐரோப்பியக் கிண்ணம் எடுத்ததும் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என்று வென்றுதான். அதையும் அலுப்பு என்றவர்கள் இருந்தார்கள். கிண்ணத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அப்புறம், ஐந்து பேரை உடைக்க முடியாது என்பதே பிழை. நம்முடைய பெடியள் செய்வது என்ன? நடுவால் ஒரு பாஸ், பிறகும் நடுவால் ஒரு பாஸ். சனம் நிறைந்த இடத்துக்குள்ளேயே தலையைக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய வலது, இடது கரைப் பின்களக்காரர் இரண்டு பேரும் மேலே ஏறி நிற்பார்கள். பந்து பறிபோனதும் ஒரு நீளப் பந்து, ஏறிப்போனவன் விட்ட இடத்தில் விழும். அங்கே ‘கவுண்டர் ராகெட்’ என்ற கட்டளை கொடுத்து, தடுக்க வராமல் முன்னுக்கே நிறுத்தப்பட்ட எதிராளியின் வீரன் ஒருவன் காத்திருப்பான். கோல். பிறகு “கள்ள விளையாட்டு” என்று போனைத் தூக்கி எறிகிறது.

மருந்து அந்தத் திரையிலேயே இருக்கிறது. ஒரு கரைப் பின்களக்காரருக்கு ‘டிஃபென்சிவ்’ கட்டளை கொடுத்தால் அவர் ஏறமாட்டார், அந்த ஓட்டை அடைபடும். இரண்டு விங் வீரர்களையும் கோட்டோரமாக இழுத்து வைத்தால் எதிர்ப்பக்கத்து ஐந்து பேரில் கரையில் நிற்பவன் வெளியே வரத்தான் வேண்டும். அவன் வந்ததும் அவனுக்கும் நடுப் பின்களக்காரருக்கும் இடையில் கதவு திறக்கும். வீரரின் ஆட்ட இயல்பையும் பார்க்க வேண்டும். எதிராளியின் கடைசிப் பின்களக்காரரை ஒட்டி நின்று பின்னால் ஓடும் ‘கோல் போச்சர்’ நடு முன்களத்தில் நின்றால் மட்டும்தான் அப்படி ஓடுவான். பின்களத்துக்கு முன்னால் காவல் நிற்கும் ‘அங்கர் மான்’ தடுப்பு நடுக்களத்தில் மட்டும்தான் வேலை செய்வான். இடம் மாறினால் எபிக் வீரனும் பெயருக்குத்தான் எபிக். பெரிய காசு கொடுத்து எடுத்த ஆளை இடம் மாற்றி நிறுத்திவிட்டு கொனாமியைத் திட்டுகிறவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம்.

மூன்று தடைகளில் மிக மோசமானது மூன்றாவது, போர்மேசன் மாற்றத் தடை. விளையாட்டின் மூளை வேலையே இதுதான்: எதிராளி என்ன செய்கிறான் என்று பார்த்து, பந்து வெளியே போன நேரத்தில் நிறுத்தி, ஒருவனை முன்னுக்குத் தள்ளி, களைத்தவனை எடுத்துவிட்டு, வேகமாக எதிர்த்தாக்கும் ‘குயிக் கவுண்டர்’ எடுபடாவிட்டால் கரைகளால் ஆடும் ‘அவுட் வைட்’டுக்கு மாறுவது. இதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது விரல் வேகம் மட்டும். மண் மைதானத்தில் நடக்கும் உங்கள் சுற்றுப்போட்டியில் இடைவேளையில் கோச் வாய் திறக்கக்கூடாது என்று விதி போடுவீர்களா?

போட்டி நியாயமாக நடக்க வேண்டும் என்றால் வேறு வேலை கிடக்கிறது. வீட்டிலிருந்தே ஆடும் சுற்றுகளில் காட்டோரக் கிராமத்துப் பெடியன் தன் வீட்டு மூலையில் ஒரு கோடு சிக்னலில் ஆடுகிறான், ரவுணில் இருப்பவன் வைஃபையில் ஆடுகிறான். இவன் அழுத்திய பாஸ் போவதற்குள் பந்து பறிபோகிறது. அரையிறுதியில் இருந்தாவது எல்லாரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டு ஒரே வைஃபையில் விளையாட விடுங்கள். மொத்தப் பலத்துக்கு ஒரு உச்ச எல்லை வையுங்கள், அல்லது இரண்டு பிரிவாக நடத்துங்கள். பலம் சமமானால் ஐந்து பேரை நிறுத்துகிறவர்கள் தாங்களாகவே குறைவார்கள். ஆட்ட நேரம், மேலதிக நேரம், தண்ட உதை எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். லைன் அறுந்தால் என்ன முடிவு என்பதையும் எழுதுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான்.

பார்க்கிற சனத்துக்கு அலுப்படிக்கிறது என்றால், திரைக்குப் பக்கத்தில் ஒரு தம்பியை மைக்கோடு நிறுத்துங்கள். யார் எந்தப் போர்மேசன், ஏன் இப்போது மாற்றினான் என்று சொல்லிக்கொண்டே போகட்டும். உடையாத பின்களத்தையும் சனம் பார்க்கும்.

அடுத்த அறிவித்தலில் அந்த மூன்று வரியையும் எடுத்துவிடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். எடுக்க முடியாது என்றால், அதை நுழைவுக் கட்டணம் வாங்க முதல் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
5-3-2 இல் ஆடும் ஒருவன்,
விசுவமடு.