பாட்டு யாருடையது என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

சென்ற ஞாயிறு உன் இசைக்குழுவைப் பற்றிப் போனில் நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "பாட்டெழுதி மெட்டமைத்தவன் அவன், நான் பேஸ் கிட்டாரில் சும்மா திரும்பத் திரும்ப நான்கு சுரம் வாசிப்பவளாம். அப்படியானால் பாட்டு யாருடையது, அப்பா?" என்றாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. நீ இங்கே விட்டுப்போன, டாக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ரிமெய்ன் இன் லைட்' சிடியை, உன் பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று இரவுகள் கேட்டேன்.

அந்தக் குழு 1980 கோடையில் பஹாமாஸின் நாசோவில் உள்ள காம்பஸ் பாயின்ட் ஸ்டுடியோவுக்குப் போனபோது, எழுதி முடித்த பாட்டுகளோடு போகவில்லை. மனதில் இருந்தது நைஜீரியாவின் ஃபெலா குட்டி இசை. நால்வரும் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவும் கூடி வாசித்தார்கள். நன்றாக வந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு அதையே நிமிடக்கணக்கில் வாசித்து டேப்பில் ஏற்றினார்கள். வெட்டி ஒட்டக் கணினி இல்லாத காலம். விரல்தான் உழைக்க வேண்டும். அப்புறம் மிக்சிங்கில் ஒரு வாத்தியத்தைத் திறந்து இன்னொன்றை அடைத்தே பாட்டுக்கு ஏற்ற இறக்கம் கொடுத்தார்கள். பாடகர் டேவிட் பர்னுக்கு வரிகள் கடைசியில்தான், அதுவும் சிரமப்பட்டுத்தான், வந்தன. வானொலிப் பிரசங்கிகளின் பேச்சு நடை அவருக்குக் கைகொடுத்தது.

'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' பாட்டில் டீனா வெய்மவுத்தின் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து பார். சின்னத் துண்டு, கொஞ்சம் வாசிக்கிறார், பிறகு இடம் விடுகிறார். அந்த இடைவெளியில்தான் மற்றவர்கள் எல்லாரும் நுழைகிறார்கள். தாளத்தின் முதல் அடி எது என்பதில்கூட ஈனோவின் காது மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. அதைத் திருத்தாமல், ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய எடுப்பிலேயே வாசிக்கட்டும் என்று விட்டார்கள். நம் கச்சேரிகளில் பாட்டைச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுக்கும்போது தொடையில் கை ஒரு கணம் தயங்குமே, அந்தச் சுகம் இதிலும் இருக்கிறது. நான் அதை நான்கு முறை திருப்பிப் போட்டேன்.

இப்படிச் செய்த பாட்டு யாருடையது? அவர்களுக்குள்ளும் இதே மனத்தாங்கல் வந்தது. பாட்டை எழுதியவர்களாக எல்லார் பெயரும் வரும் என்று பேசியிருக்க, அக்டோபரில் வெளிவந்த இசைத்தட்டின் உறையில் பர்ன், ஈனோ பெயர்கள் தனியாகவும் மற்ற மூவர் குழுவின் பெயருக்குள்ளும் அச்சாகியிருந்தன. அந்த வருத்தம் வெகுகாலம் ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், அம்மா. குழுவை விட்டு வராதே, சுரத்தையும் கூட்டாதே. அடுத்த ஒலிப்பதிவுக்கு முன் நால்வரும் உட்கார்ந்து, பெயர்கள் எப்படிப் போடுவது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நீயே பேச்சை எடு. கோபமாக வேண்டாம், ஆனால் குரல் தணியவும் வேண்டாம்.

உன் பேஸ் மட்டும் தனியாக உள்ள பதிவு இருந்தால் அனுப்பு. ஹெட்போன் என் தலையணைப் பக்கத்திலேயே இருக்கிறது.

அன்புடன்,
அப்பா