‘எனவே’ என்ற இடத்தில் தட்டு: எல்சாட் எழுதும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டுக்கு நீ எழுதி அனுப்பிய பயிற்சித் தாளைப் பார்த்தேன். மற்ற வகைக் கேள்விகளில் ஒழுங்காகத்தான் போகிறாய். ‘பின்வருவனவற்றுள் எது உண்மையாக இருந்தால் இந்த வாதம் மிகவும் பலவீனமடையும்?’ என்று கேட்ட இடங்களில் மட்டும் சறுக்கியிருக்கிறாய். எதைச் சொன்னாலும் எதிர்வாதம் பேசும் உனக்கு இந்தக் கேள்வியிலா மதிப்பெண் போக வேண்டும்! வீட்டில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்த வகையை ஒதுக்கிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. 2024 ஆகஸ்டிலிருந்து புதிர் விளையாட்டுப் பகுதியை எடுத்துவிட்டார்கள். மதிப்பெண் கணக்கில் சேரும் மூன்று பகுதிகளில் இப்போது இரண்டு, இந்த வகைக் கேள்விகள் வரும் தர்க்கப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம், சுமார் 25 கேள்விகள்.

தேர்வில் வரும் அச்சிலேயே ஒரு வாதத்தை நானே எழுதிப் பார்த்தேன். படி:

‘ஒரு நகரத்தில் விபத்து மிகுந்த சாலைச் சந்திப்புகளில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. அடுத்த ஓராண்டில் அந்தச் சந்திப்புகளில் விபத்துகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. எனவே, விபத்துகளைக் குறைத்தவை கேமராக்களே.’

நீ என்ன செய்வாய் என்று தெரியும். ‘அந்தக் கணக்கை யார் எடுத்தார்கள்?’ என்று ஓரத்தில் எழுதுவாய். தாளில் இரண்டு இடங்களில் அப்படித்தான் கிறுக்கி வைத்திருக்கிறாய். அந்த உரிமை உனக்கு இங்கே கிடையாது. கேமரா வைத்தார்கள், விபத்து குறைந்தது, இரண்டையும் ஒப்புக்கொண்டுவிடு. உனக்கு விட்டுவைத்திருப்பது ‘எனவே’ என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லைத் தாண்டும்போது வாதம் ஒன்றைச் சொல்லாமலே நம்பிக்கொள்கிறது: அந்த ஆண்டில் விபத்தைக் குறைக்கக்கூடிய வேறு எதுவும் நடக்கவில்லை என்று. அங்கே தட்டினால்தான் சத்தம் வரும்.

இப்போது இரண்டு விடைகளைப் பார். ஒன்று: ‘பொருத்தப்பட்ட கேமராக்களில் பாதி, அந்த ஆண்டின் பெரும்பகுதி பழுதாகிக் கிடந்தன.’ இன்னொன்று: ‘கேமரா பொருத்தப்படாத சந்திப்புகளிலும் அதே ஆண்டில் விபத்துகள் ஏறக்குறைய அதே அளவு குறைந்தன.’

முதல் விடை கையை இழுக்கும். கேமரா வேலையே செய்யவில்லையே, பிறகு எப்படி அது விபத்தைக் குறைத்திருக்கும்? கொஞ்சம் பொறு. வண்டி ஓட்டுகிறவர் கம்பத்தில் கேமராவைப் பார்க்கிறார், வேகத்தைக் குறைக்கிறார். அது பழுதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பழுதான கேமராவும் பயமுறுத்தும். அந்த விடை வாதத்தை வீழ்த்த வேண்டுமென்றால், ‘ஓட்டுநர்களுக்குப் பழுது தெரிந்திருந்தது’ என்ற துணுக்கை நீ உன் கையிலிருந்து போட வேண்டும். இரண்டாவது விடைக்கு அந்த முட்டுக்கொடுப்பு வேண்டாம். கேமரா இல்லாத இடத்திலும் அதே அளவு குறைந்தது என்றால், ஊர் முழுவதற்கும் பொதுவான ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது. அது மழையோ, பெட்ரோல் விலையோ, புதிய அபராதமோ, நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்த விடை ஒன்று உண்டு: ‘கேமரா பொருத்துவதற்கு முந்தைய ஆண்டில், அதற்கு முன் பத்து ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு விபத்துகள் எகிறிய சந்திப்புகளையே கேமராவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.’ முதல் வாசிப்பில் சும்மா பின்னணித் தகவல் போலத் தெரியும். யோசித்துப் பார். வழக்கத்துக்கு மாறாக ஓராண்டு எகிறிய எண்ணிக்கை, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு பழைய அளவை நோக்கி இறங்கத்தான் செய்யும். தேர்வைத் தயாரிக்கிறவர்களின் குறும்பு இந்த மாதிரி விடைகளில்தான் தெரியும். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வருவதும் அங்கேதான்.

ஒன்றைக் கவனித்தாயா? இந்த இரண்டு நல்ல விடைகளில் எதுவும் ‘கேமராவால் பயனில்லை’ என்று நிரூபிக்கவில்லை. கேமராவும் கொஞ்சம் உதவியிருக்கலாம். அதனால் என்ன? குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உண்மைக் குற்றவாளியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதில்லை. சாட்சி சொன்னதிலிருந்து அந்த முடிவுக்குப் போக முடியாது என்று காட்டினால் போதும். நீ வாதத்தைத் தரைமட்டமாக்கும் விடையைத் தேடுகிறாய், கிடைக்காதபோது கொடுத்திருக்கும் ஐந்து விடைகளையும் அடித்துவிட்டு ஊகிக்கிறாய். தவறான விடைக்கு மதிப்பெண் பிடிக்கமாட்டார்கள் என்பதால் ஊகிப்பதில் நஷ்டமில்லை என்பது வேறு விஷயம்.

‘எல்லா’, ‘ஒருபோதும்’ போன்ற சொற்கள் வரும் விடைகளைக் கண்டால் ஒதுக்குகிறாய். ‘பத்தியிலிருந்து எது நிச்சயம் பெறப்படும்?’ என்ற கேள்விகளில் பழகிய பழக்கம் அது. அங்கே சரி. இங்கே விடையை உண்மையென்று வைத்துக்கொள்ளச் சொல்லியே கேட்கிறார்கள். ஆகவே கடுமையாகச் சொல்லும் விடை உனக்குத் தோழன். சந்தேகப்பட வேண்டியது ‘சிலர்’, ‘சில சமயம்’ என்று வரும் விடைகளைத்தான். சில ஓட்டுநர்கள் கேமராவைக் கவனிக்கவில்லை என்றால் யாருக்கு என்ன?

வாதத்தை வலுப்படுத்தும் விடை ஒன்று பெரும்பாலும் ஐந்துக்குள் ஒளிந்திருக்கும். 14ஆம் கேள்வியில் நீ குறித்தது அதுதான். தலைப்போடு ஒட்டிய விஷயமாக இருக்கிறதே என்று அவசரத்தில் எடுத்திருக்கிறாய். பரவாயில்லை, அது கவனப் பிழை, சரியாகிவிடும்.

21ஆம் கேள்விதான் வேறு. ‘ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் பலவீனப்படுத்தும்’ என்ற வகை அது. மிச்சமாகும் ஐந்தாவது விடை வாதத்தை வலுப்படுத்த வேண்டும் என்று நினைத்துத் தேடியிருக்கிறாய். அப்படி விதி எதுவும் இல்லை. வாதத்துக்குச் சம்பந்தமே இல்லாத விடையாகவும் அது இருக்கலாம், இந்தக் கேள்வியில் அப்படித்தான் இருக்கிறது. மறுபடி போட்டுப் பார்.

ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். அதற்குள் தவறிய கேள்விகள் ஒவ்வொன்றுக்கும், விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்த வாதம் சொல்லாமல் நம்புவது என்ன என்று ஒரே வரியில் எழுதி அனுப்பு. இரண்டு வரி போனால் படிக்கமாட்டேன்.

அன்புடன்,
அக்கா