விளையாட்டு பீரியடைக் கடன் கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பத்தொன்பது வருடமாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். "மிஸ், இன்னிக்கு உங்க பீரியடைக் கொடுத்துடுங்க, போர்ஷன் முடியலை" என்று யாராவது வந்து நிற்காத வாரமே கிடையாது. நானும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் விளையாட்டு என்பது டைம் டேபிளில் மட்டும்தான்.

போன மாதம் பத்தாம் வகுப்பு மாணவிகளை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னேன். ஒரே ஒரு சுற்று, 200 மீட்டர். பாதியிலேயே ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஆறாம் வகுப்பில் ரிலே அணிக்காகக் கடைசிக் கட்டத்தை ஓடியவள் அவள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மிஸ், ஓடியே மூணு வருஷம் ஆச்சு" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக தினமும் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் கணக்கை வைத்து அதன் ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பையன்களில் 78, பெண்களில் 85. எலும்பு உறுதிப்படுகிற வயதே இதுதான். இந்த வயதில் உட்கார வைத்துவிட்டு, நாற்பதில் நடைப்பயிற்சி போகச் சொல்லி என்ன பயன்?

பெண் பிள்ளைகள் ஏன் ஒதுங்குகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். மாதவிலக்கு நாட்களை விடுங்கள், அன்று முடியாது என்றால் நான் வற்புறுத்துவதில்லை. மற்ற நாட்களிலும் சுவரோரம் உட்காருவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. பையன்கள் பார்க்கிறார்கள், சீருடை ஓட வசதியாக இல்லை, தோற்றால் சிரிப்பார்கள், இவ்வளவுதான். சரி என்று கட்டடத்துக்குப் பின்னால் இடம் ஒதுக்கி, ஸ்கிப்பிங் கயிறு கொடுத்தேன். போட்டி கிடையாது, மதிப்பெண் கிடையாது. முதல் நாள் நான்கு பேர். மூன்றாவது வாரம் பதினேழு பேர்.

தலைமை ஆசிரியர்களும் பெற்றோரும் தயவுசெய்து அந்த பீரியடைத் தொடாதீர்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது மதிப்பெண்ணோடு, "என் பிள்ளை இந்த வாரம் ஓடினாளா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாதியில் நின்ற அந்தப் பெண் இப்போது நிறுத்தாமல் நாற்பது முறை கயிறு தாண்டுகிறாள். வியாழக்கிழமை பீரியடைக் கேட்டு வந்த ஆசிரியரிடம், இத்தனை வருடத்தில் முதல் முறையாக, முடியாது என்று சொன்னேன்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியை