6.23-க்கு ஒரு பஸ், 6.24-க்கு ஒரு பஸ்

மக்களே,

இந்த மாதத்தோடு டியூஷனை நிறுத்துகிறேன். கரும்பலகையைக் கழற்றும் முன், அன்றைக்கு டியூஷனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிவிட வேண்டும். உன் பெயரைப் போடவில்லை, தெருவையும் சொல்லவில்லை. நம்ம மாவட்டத்தில் ஆளைக் கண்டுபிடிக்க அதில் ஒன்று போதும்.

வடசேரி பஸ் ஸ்டாண்ட் கணக்குதான். ஒரு தடத்தில் 12 நிமிடத்துக்கு ஒரு வண்டி, இன்னொன்றில் 18 நிமிடத்துக்கு ஒன்று. காலை 6.00 மணிக்குச் சேர்ந்து கிளம்பினால் அடுத்து எப்போது சேரும்? (கணக்குக்காக வைத்த நேரம், இதை நம்பி யாரும் ஸ்டாண்டில் போய் நிற்க வேண்டாம்.) 12-ஐயும் 18-ஐயும் இடப்பக்கம் 2, 3 போட்டு வகுத்தாய்; அடியில் 2, 3 மிஞ்சியது. நாலையும் பெருக்கி 36, அதாவது 6.36. சரியான விடை. ஆனால் நீ பேனாவை வைக்கவில்லை. "டீச்சர், ரெண்டாவது வண்டி அஞ்சு நிமிஷம் பிந்திப் போனா?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது" என்றேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நீ தலை குனிந்து 36-க்கு அடியில் இன்னொரு கோடு போட்டாய்.

தப்புதான். ஆனால் அரையாண்டுத் தேர்வுக்கு நாலு நாள்தான் இருந்தது. கேள்வித்தாளில் வண்டிகள் எப்போதும் சேர்ந்துதான் கிளம்பும். உன் பக்கத்தில் பாதிப் பேர் இடப்பக்கத்து 2, 3-ஐ மட்டும் பெருக்கி, மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு, இரண்டு எண்ணுக்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கு) 6 என்று எழுதியிருந்தார்கள். அது மீ.பெ.கா (மீப்பெரு பொதுக் காரணி, இரண்டையும் மிச்சமில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்). மடங்கு ஒருநாளும் எண்ணைவிடச் சிறிதாக வராது என்பதையே அன்றைக்குப் பத்து தடவை சொல்லியாயிற்று.

இப்போது உன் கேள்வி. இரண்டாவது வண்டி 6.05, 6.23, 6.41, 6.59. முதல் வண்டி 6.00, 6.12, 6.24, 6.36, 6.48, 7.00. 6.23-க்கு ஒன்று போகும், 6.24-க்கு மற்றது. 6.59, 7.00 மறுபடி அதே கதை. ராத்திரி வரை ஓடினாலும் சேராது. காரணத்தை மீ.சி.ம-வில் தேடினால் கிடைக்காது, மீ.பெ.கா-வில் இருக்கிறது. 12-ஐயும் 18-ஐயும் 6 வகுக்கும். அதனால் 6 மணியிலிருந்து எண்ணிய நிமிடங்களை 6-ஆல் வகுத்தால், முதல் வண்டிக்கு மீதி எப்போதும் 0, இரண்டாவதுக்கு எப்போதும் 5. மீதி வேறாக இருக்கும்வரை நேரம் ஒன்றாக வழியே இல்லை. பிந்திய நிமிடத்தை மீ.பெ.கா மிச்சமில்லாமல் வகுத்தால் மட்டுமே சேரும்.

இது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். தெரியவில்லை. அதை நீ ஊரெல்லாம் சொன்னது தெரியும். மறுநாளிலிருந்து வரவில்லை, வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடத் தோன்றவில்லை உனக்கு. அதற்குமேல் இங்கே எழுதவில்லை, உன் அம்மாவும் படிப்பாங்க.

நீ மட்டும் தப்பே செய்யாதவளா? இரண்டு எண்களின் பெருக்கலை மீ.பெ.கா-வால் வகுத்தால் மீ.சி.ம கிடைக்கும் என்று படித்ததும், அதை மூன்று எண்ணுக்கும் போட்டாய். 6, 10, 15-க்கு 900 என்று எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்றுக்கும் பொதுக் காரணி 1 மட்டும். ஆனால் இரண்டிரண்டாய் எடுத்தால் 2, 3, 5 பொதுவாய் இருக்கிறது. அதனால் மீ.சி.ம 30. சிவப்பு மையில் சுழித்தேன், ஏன் என்று எழுதவில்லை. அதுவும் என் குறைதான்.

5-க்குப் பதில் 6 நிமிடம் பிந்தினால் என்ன ஆகும் என்று நீயே போட்டுப் பார்த்திருப்பாய். 6.06, அடுத்து 6.24. முதல் வண்டியும் 6.24-க்குத்தான். அதன்பின் 7.00, 7.36.

டீச்சர்