பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

உன் ஆல்பத்துக்காகப் பாடி அனுப்பின நாலு பாட்டையும் கேட்டோம். மூணாவது பாட்டை அப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்துவிட்டார். தியாகராஜர் நம்ம திருவொற்றியூர் அம்மன் மேல் பாடின அஞ்சு கீர்த்தனையில் ஒண்ணு சுத்தசாவேரி ராகம். அந்த ராகத்தில் கானா நடையில் மெட்டுப் போட்டிருக்கிறாய். பாட்டு கற்க ஆரம்பிக்கிறபோது வரும் சரளி வரிசையை மூணு வேகத்திலும் அழுதழுது பாடினவளுக்குத்தான் அது வரும். ஒண்ணு மட்டும் சரிசெய். அந்த ராகத்தில் காந்தாரமே, அதாவது 'க' ஸ்வரமே கிடையாது, கிடார்காரர் ஸட்ஜத்தில் ('ஸ'வில்) முழு கார்டு பிடிக்கிறார், காந்தாரம் கேட்கிறது. ஸ, ப மட்டும் பிடிக்கச் சொல்.

இப்போதெல்லாம் நீ வாய்ஸ் மெசேஜ் போடுவதில்லை, டைப் பண்ணித்தான் அனுப்புகிறாய். வேலை அதிகமாக இருக்கும். தண்ணீர் குடிக்கிறாய்தானே?

நாலாவது பாட்டை ஏன் ஆறு கட்டைச் சுருதியில் வைத்தாய்? உன் சுருதி அஞ்சு. மேல் ஸ்தாயி 'ம'வில் குரலோடு காற்றும் வருகிறது. ரிவெர்ப், அந்த எதிரொலி எஃபெக்ட் போட்டு மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, மிக்ஸிங்கில் அது இன்னும் தெரியும். ஒரு கட்டை இறக்கு. கீபோர்டில் புரோகிராம் பண்ணினதை உடனே மாற்றிவிடலாம், கிடாரை மட்டும் திரும்ப வாசிக்க வேண்டும். ஒரு நாள் ஸ்டுடியோ வாடகை போனால் போகட்டும்.

ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும். முழுப் பாட்டையும் மூணு டேக் பாடு, பிறகு தவறின வரியை மட்டும் எடு. ஹார்மனியை வேறொரு நாள் வைத்துக்கொள். ஹெட்போனில் உன் குரல் சன்னமாகக் கேட்டால் உன்னை அறியாமல் கத்துவாய். குரலை ஏற்றி டிரம்ஸை இறக்கச் சொல்ல என்ன கூச்சம்? உன் ஆல்பம் அது. எத்தனை முறை சொல்வது!

ஆல்பத்தை வெளியிடுகிற கம்பெனியின் ஒப்பந்தத்தில் பாட்டின் உரிமை 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதே. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 19ஆம் பிரிவுப்படி, காலம் எழுதாவிட்டால் அவர்களுக்கு உரிமை 5 வருஷம், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வரியும் மெட்டும் உன்னுடையது, பாட்டு எழுதுகிறவர்களுக்கும் மெட்டுப் போடுகிறவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து பதிவு செய்துவிடு.

தொண்டையைச் செருமாதே. கிசுகிசுவென்றும் பேசாதே, அதுவும் குரலை வருத்தும். கரகரப்பு மூணு வாரத்தைத் தாண்டினால் கஷாயத்தோடு நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் போய்த் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். குரல் நாணில் சின்ன முடிச்சு என்றாலும் பெரும்பாலும் ஓய்வும் குரல் பயிற்சியும்தான் முதல் வைத்தியம். பயந்துகொண்டு மறைக்கிறவர்கள்தான் மேலே மேலே பாடிக் கெடுத்துக்கொள்கிறார்கள். நீ மறைப்பதாக நான் சொல்லவில்லை.

ரிலீஸ் தேதியைத் தள்ளலாம் பாப்பா. இங்கே பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டிவிடலாம். எந்தத் தேதி என்று எழுதி அனுப்பினாலும் போதும், அப்பா டிக்கெட் போட்டுவிடுவார்.

அம்மா
தண்டையார்பேட்டை