நினைவேடு தொடர்பாகப் பெற்றோருக்கு

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

ஜோஹார்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவில் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள், பரிசுகளும் வந்தன. உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள்.

அடுத்தது, எட்டாம் வகுப்பு நினைவேடு. பண்டித ரகுநாத் முர்மு 1925-இல் நம் சந்தாலி மொழிக்கான ஓல் சிக்கி எழுத்தை உருவாக்கி 100 ஆண்டு நிறைந்ததையொட்டி, சந்தாலியில் எழுதியும் கற்பித்தும் வாழ்ந்து மறைந்த குடும்பப் பெரியவர் ஒருவரைப் பற்றிப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். திண்ணையில் உட்காரவைத்து 30 எழுத்தையும் சொல்லிக்கொடுத்த தாத்தாக்களும் அத்தைகளும் ஒடிசாவில் நம் மயூர்பஞ்சு மாவட்ட ஊர்களில் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய நோட்டுகள் இன்னும் உங்கள் பெட்டிகளில் இருப்பது பெரிய விஷயம்.

கவலையும் அங்கேதான். அந்த நோட்டுகளே புத்தகப்பையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வருகின்றன. பேனா மை ஒரு சொட்டு நீரில் கரைந்துவிடும். கிழிசலில் ஒட்டிய செலோடேப்பின் பசை சில வருடங்களில் பழுத்துத் தாளுக்குள் இறங்கும். லேமினேட் செய்த பக்கத்தைத் திரும்பப் பிரிக்க முடியாது. பாலித்தீன் உறையில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும்.

துருப்பிடித்த பின்களை மெல்ல நிமிர்த்தி எடுங்கள். துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியில் நோட்டைச் சுற்றி, தரையிலும் சுவரிலும் படாமல் வையுங்கள். எங்களுக்குப் படம் போதும். காலை வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்துப் பக்கத்துக்கு ஒன்று எடுங்கள். அட்டையை விட்டுவிடாதீர்கள், தேதியும் ஊரும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் தெளிவு குறையாது.

தட்டச்சு செய்பவர்கள் யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பழைய எழுத்துருவில் அடித்தது வேறு போனில் ரோமன் எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. ஓல் சிக்கியின் புள்ளிகளையும் கவனியுங்கள். கீழ்ப்புள்ளியான கஹ்லா டுடாக் உயிரொலியை மாற்றும், மேற்புள்ளியான மூ டுடாக் அதை மூக்கொலியாக்கும். அவசரத்தில் முதலில் விடுபடுவது இவைதான். தாத்தா ஒடியா எழுத்தில் சந்தாலி எழுதியிருந்தால் அதுவும் அவர் எழுத்துதான். திருத்தாமல் அப்படியே படியெடுக்கட்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இனி மூலப்பிரதி எதுவும் பிள்ளையின் பையில் வரக்கூடாது. வந்தால் அலுவலகத்தில் பத்திரமாக வைத்திருப்போம், பெற்றோர் நேரில் வந்துதான் வாங்கிச்செல்ல வேண்டும். லேமினேட் செய்த பழைய பக்கங்களைக் கண்காட்சியில் வைக்க மாட்டோம்.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. தாத்தாவின் கையெழுத்தை வகுப்பில் காட்டும் ஆசையில்தான் எடுத்துவருகிறார்கள். பல வருடம் பூட்டியிருந்த பெட்டியை அவர்களுக்காகத் திறந்து, அருகில் உட்கார்ந்து வாசித்துக்காட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் என் மனமார்ந்த நன்றி. படங்கள் மாத இறுதிக்குள் வகுப்பாசிரியருக்கு வந்துசேரட்டும். போன் இல்லாதவர்கள் சனிக்கிழமை காலை நோட்டை நீங்களே கொண்டுவாருங்கள். உங்கள் கண்முன்னே படமெடுத்து உடனே திருப்பித்தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்